கலாபகோஸ் தீவுகளுக்குப் பெரிய கப்பல்கள் ஏன் போகமுடியாது?

மரினா பேயில் வந்து நிற்கும் உல்லாசக் கப்பல்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கப்பலில் ஆயிரக்கணக்கான பயணிகள். நீச்சல் குளம், திரையரங்கு, விடிய விடியச் சாப்பாடு.

அப்படியொரு கப்பல் கலாபகோஸ் தீவுகளுக்குப் போனால் பயணிகளைக் கரையில் இறக்கவே அனுமதி கிடைக்காது.

அங்கே ஒரு சுற்றுலாக் கப்பலில் அதிகபட்சம் 100 பயணிகள்தான் இருக்கலாம். பல படகுகளில் 16 பேர்தான்.

'ஓ, பணக்காரர்களுக்கான சொகுசுப் பயணமா?' என்று கேட்கத் தோன்றும். விலையைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் கப்பல் சின்னதாக இருப்பதற்குக் காரணம் சொகுசு இல்லை, சட்டம்.

அந்தச் சட்டம் எதற்கு? அது போதுமா? இரண்டாவது கேள்விதான் இப்போது அங்கே பெரிய தலைவலி.

<b>எங்கே இருக்கு?</b>

பசிபிக் பெருங்கடலில், தென் அமெரிக்காவின் எக்குவடோர் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தூரத்தில். எல்லாத் தீவுகளின் நிலப்பரப்பையும் சேர்த்தால் சிங்கப்பூரைப் போல் பத்து மடங்குக்கும் மேல் வரும். ஆனால் மக்கள் வாழும் ஊர்கள் நான்கு தீவுகளில் மட்டும்தான். நிலத்தில் 97 விழுக்காடு தேசியப் பூங்கா.

பூமத்தியரேகை அந்தத் தீவுகள் வழியாகத்தான் போகிறது. அப்போ நம்ம ஊர் மாதிரி வெதுவெதுப்பான கடலா? இல்லை. மேற்குத் தீவுகளில் ஆழ்கடலிலிருந்து குளிர்நீர் மேலே எழும்பி வருகிறது. அதோடு சத்துகளும் வருவதால் மீன்கள் பெருகுகின்றன. அதனால்தான் பூமத்தியரேகையில் பெங்குவின்! பூமத்தியரேகைக்கு வடக்கேயும் இயற்கையாக வாழும் ஒரே பெங்குவின் இனம் கலாபகோஸ் பெங்குவின்தான்.

தீவுகள் அனைத்தும் எரிமலைகளின் வேலை. கடலுக்கு அடியில் ஓரிடத்தில் எரிகுழம்பு ஊற்றெடுக்கிறது. அதன் மேல் இருக்கும் பூமித்தட்டு மெதுவாகக் கிழக்கு நோக்கி நகர்கிறது, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்.

சுஷி கடையில் தட்டுகள் நகர்ந்துபோகும் பட்டையை நினைத்துப் பாருங்கள். சமையலறை ஒரே இடத்தில் இருக்கிறது. தட்டுகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக விலகிப் போகின்றன. தீவுகளும் அப்படித்தான். கிழக்கே இருக்கும் எஸ்பன்யோலாவுக்கு வயது மூன்று மில்லியன் ஆண்டுக்கும் மேல். மேற்கே இருக்கும் ஃபெர்னான்டினாவுக்கு ஒரு மில்லியன்கூட ஆகவில்லை. இன்னும் சூடாகவே இருக்கிறது. 2024 மார்ச்சில் அங்குள்ள லா கும்ப்ரே எரிமலை வெடித்து, எரிகுழம்பு மலைச்சரிவில் வழிந்தது.

ஒரு தீவு பசுமை, அடுத்தது வெறும் கரும்பாறை. இடையில் கடல். பல ஆயிரம் ஆண்டுகள் தனித்தனியாக இருந்ததால் உயிரினங்களும் தனித்தனியாக மாறிப்போயின. எஸ்பன்யோலாவின் ஆமைக்கு ஓடு முன்பக்கம் குதிரைச் சேணம் போல் தூக்கியிருக்கும். உயரத்தில் இருக்கும் கள்ளிச்செடியைக் கழுத்தை நீட்டித் தின்ன அது வசதி. பச்சைப்பசேல் என்றிருக்கும் சாந்தா குரூஸ் மேட்டுநிலத்தின் ஆமைக்கோ உருண்டையான ஓடு. 1835இல் பீகிள் கப்பலில் வந்த சார்ல்ஸ் டார்வின் ஐந்து வாரம் அங்கே சுற்றினார். தீவுக்குத் தீவு இருந்த இந்த வேறுபாடு பிற்காலத்தில் அவருடைய பரிணாமக் கொள்கைக்கு உதவியது.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தீவுகளுக்கு இடையிலான கடல்தான் அங்கே காவல். கப்பல் அந்தக் காவலைத் தாண்டுகிறது.

<b>படுக்கை, சமையல், எல்லாம் கப்பலில்</b>

ஃபெர்னான்டினாவில் ஹோட்டல் கிடையாது. கடை கிடையாது. கழிப்பறைகூட இல்லை. வடக்கே இருக்கும் ஹெனோவேசா தீவும் அப்படித்தான். எரிமலையின் வாய் சரிந்து கடல் உள்ளே புகுந்த இடம் அது. படகு அந்தக் குழிக்குள்ளேயே போய் நங்கூரம் போடும். சுற்றிலும் செங்குத்துப் பாறைகள், மேலே ஆயிரக்கணக்கில் கடற்பறவைகள்.

இப்படிப்பட்ட தூரத் தீவுகளைப் பார்க்கக் கப்பலில் தங்குவதுதான் வழி. இரவில் பயணிகள் தூங்கும்போது கப்பல் ஓடும். காலையில் கண்விழித்தால் வேறொரு தீவு. காற்றடைத்த சிறு படகில் பத்துப் பதினைந்து பேராகக் கரைக்குப் போவார்கள். பல இடங்களில் படகுத்துறை இல்லை. முழங்கால் அளவு தண்ணீரில் குதித்துத்தான் இறங்கணும்.

இறங்கிய பிறகுதான் வேடிக்கை. எந்த விலங்கும் ஓடாது! கடல் இகுவானாக்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று படுத்து வெயில் காயும். மூக்கு வழியே உப்புநீரைச் சீறித் துப்பும். கடல் சிங்கக் குட்டி நடைபாதையின் குறுக்கே படுத்துத் தூங்கும். நாம்தான் சுற்றிப் போகணும். நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைக்கும், ஆனால் அந்தச் சிறகால் பறக்க முடியாது. துரத்த எந்த விலங்கும் இல்லாததால் பறக்கும் திறனே போய்விட்டது. உலகில் பறக்க முடியாத ஒரே நீர்க்காகம் அது.

பயம் என்பதையே பழகாத விலங்குகள். பார்க்க அழகு. ஆபத்தும் அதிலேதான்.

<b>என்னென்ன கட்டுப்பாடு?</b>

பூங்காவின் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் பெரும்பாலான இடங்களில் கால்வைக்க முடியாது. ஒரு வழிகாட்டிக்கு 16 பயணிகள். பல படகுகள் 16 பேருடன் நிற்பதற்கு அதுதான் காரணம். கப்பல் எந்த நாளில் எந்தத் தீவுக்குப் போகலாம் என்பதைப் பூங்கா முடிவுசெய்யும். கேப்டன் நினைத்தபடி திருப்ப முடியாது. ஒரு கப்பல் ஒரே இடத்துக்கு 14 நாளுக்குள் மறுபடி வரக்கூடாது.

விலங்குகளிடமிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்கணும். படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. டிரோன் கூடாது. கரைக்கு உணவு கொண்டுபோகக் கூடாது. ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்து வரக்கூடாது.

விமான நிலையத்திலேயே பைகளைச் சோதிப்பார்கள். பழம், விதை, மண் ஒட்டிய காலணி எதுவும் தப்பாது. ஒரு தீவிலிருந்து கப்பலுக்குத் திரும்பியதும் கால், காலணி எல்லாவற்றையும் கழுவச் சொல்வார்கள். மணல்தானே என்று நினைக்கலாம். அந்த மணலில் ஒரு விதையோ பூச்சியின் முட்டையோ இருந்தால் நாளை காலை அது அடுத்த தீவில் இருக்கும்.

<b>மூன்று ஆடு போதும்</b>

மிகைப்படுத்துவது போல் இருக்கா? பின்டா தீவின் கதையைக் கேளுங்கள்.

1959இல் மீனவர்கள் அங்கே மூன்று ஆடுகளை விட்டார்கள். திரும்பி வரும்போது இறைச்சிக்கு ஆகும் என்ற எண்ணம். பதினைந்து ஆண்டுக்குள் அவை பல்லாயிரமாகப் பெருகின. செடிகொடிகளை மொட்டையடித்தன. ஆமைகளைக் கப்பலோட்டிகள் ஏற்கெனவே இறைச்சிக்காகப் பிடித்து ஏறக்குறைய தீர்த்துவிட்டார்கள். எஞ்சியவற்றுக்கு உணவும் போனது.

1971இல் பின்டாவில் ஒரே ஓர் ஆண் ஆமை கண்டுபிடிக்கப்பட்டது. 'தனிமை ஜார்ஜ்' என்று உலகமே அறிந்த ஆமை. துணை தேடி 40 ஆண்டு முயன்றார்கள். 2012 ஜூன் 24ஆம் தேதி ஜார்ஜ் இறந்தது. பின்டா ஆமை இனம் அதோடு முடிந்தது.

ஆடுகளை ஒழிப்பதற்கு எவ்வளவு பாடு தெரியுமா? இசபெலா தீவின் வடபகுதியில் மட்டும் சுமார் 100,000 ஆடுகள் இருந்தன. ஹெலிகாப்டரில் பறந்து சுட்டார்கள். மறைந்திருந்த கடைசி ஆடுகளைக் கண்டுபிடிக்க, சில ஆடுகளின் கழுத்தில் ரேடியோ கருவி கட்டி விட்டார்கள். ஆட்டுக்குத் தனியாக இருக்கப் பிடிக்காது, மந்தையைத் தேடிப் போகும். கருவியைப் பின்தொடர்ந்து போனால் மந்தை அகப்படும். காட்டிக்கொடுக்கும் இந்த ஆடுகளுக்கு 'யூதாஸ் ஆடுகள்' என்று பெயர். கேட்கக் கொடூரமாகத்தான் இருக்கிறது. மூன்று ஆட்டைத் தடுக்கச் சோதனைச்சாவடி போதும், ஒரு லட்சத்துக்கு ஹெலிகாப்டர் வேண்டும்.

<b>கப்பலும் சுமந்து வரும்</b>

கலாபகோஸ் பற்றிய விளம்பரங்கள் அதிகம் சொல்லாத பக்கம் இது.

இரவில் நங்கூரமிட்ட கப்பலின் விளக்கொளிக்கு அந்துப்பூச்சிகளும் வண்டுகளும் வரும். கப்பல் புறப்படும்போது அவையும் உடன் பயணம் செய்யும். டிக்கெட் இல்லாமல் தீவு விட்டுத் தீவு!

வெளியிலிருந்து வந்த ஒரு சின்ன ஈ இன்று பெரிய எதிரி. அது பறவைக் கூடுகளில் முட்டையிடுகிறது. புழுக்கள் குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சுகின்றன. சதுப்புநிலக் காட்டில் மட்டும் வாழும் ஒரு வகை பிஞ்ச் குருவி இப்போது சுமார் 100தான் எஞ்சியிருக்கிறது. இந்த ஈதான் அதற்கு முக்கிய மிரட்டல். அதைச் சுட ஹெலிகாப்டர் உதவாது.

எரிபொருளும் கப்பலில்தான் வரணும். 2001 ஜனவரியில் ஜெசிக்கா என்ற எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்டோபல் துறைமுகத்துக்கு அருகே தரைதட்டியது. மிதவை விளக்கைக் கலங்கரை விளக்கம் என்று கேப்டன் தவறாக நினைத்ததே காரணம் எனச் சொல்லப்பட்டது. அதில் இருந்த எண்ணெயில் ஒரு பகுதி, சுற்றுலாக் கப்பலுக்கானது.

நல்லவேளை, காற்றும் நீரோட்டமும் பெரும்பகுதி எண்ணெயைத் திறந்த கடலுக்கு இழுத்துச் சென்றன. எல்லாரும் மூச்சுவிட்டார்கள். ஆனால் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் தொட்ட சாந்தா ஃபே தீவில், அடுத்த ஓராண்டில் கடல் இகுவானாக்களில் 62 விழுக்காடு மடிந்தன.

<b>அப்போ கப்பலை நிறுத்தினால் சரியாகிடுமா?</b>

அங்கேதான் கதை திரும்புகிறது.

சுற்றுலாக் கப்பல்களின் மொத்தப் படுக்கை எண்ணிக்கைக்கு ஏற்கெனவே உச்சவரம்பு உண்டு. புதுக் கப்பல் வேண்டுமென்றால் பழைய கப்பலின் உரிமத்தைத்தான் பயன்படுத்தணும். அதனால் கப்பலில் வருவோர் பெரிதாகக் கூடவில்லை.

ஆனால் விமானத்தில் வந்து, ஊரில் அறை எடுத்து, பகலில் மட்டும் படகில் போய்வரும் பயணிகளுக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. 2023இல் தீவுகளுக்கு வந்தவர்கள் கிட்டத்தட்ட 330,000 பேர். அங்கு வசிப்பவர்களோ சுமார் 30,000. வருவோரில் பெரும்பாலோர் இப்போது கரையில்தான் தங்குகிறார்கள். அவர்களுக்கு அறை கட்ட சிமெண்ட், சாப்பிட அரிசி, குடிக்கப் பீர். பெரும்பாலானவை சரக்குக் கப்பலில் வரணும். ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் எறும்பு இருக்கலாம்.

2007இல் யுனெஸ்கோ இந்தத் தீவுகளை ஆபத்தில் உள்ள உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. வெளியிலிருந்து வரும் உயிரினங்கள், கட்டுக்கடங்காத சுற்றுலா, அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு ஆகியவற்றைக் காரணமாகச் சொன்னது. 2010இல் பட்டியலிலிருந்து எடுத்தது. அதன்பிறகும் கூட்டம் ஏறிக்கொண்டேதான் இருந்தது.

'அப்போ எல்லாரையும் கப்பலில் மட்டும் போகச் சொல்லலாமே?' சுலபமாகத் தோன்றும் பதில்தான். எனக்கு அது அவ்வளவு நியாயமாகப் படவில்லை. எட்டு நாள் கப்பல் பயணத்துக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். அந்தப் பணத்தில் அதிகப் பங்கு வெளியே இருக்கும் நிறுவனங்களுக்குப் போகிறது என்பது தீவுவாசிகளின் நெடுநாள் ஆதங்கம். கரையில் தங்கும் பயணி ஊர்க்காரர் வீட்டில் அறை எடுப்பார், பக்கத்துக் கடையில் மீன் சாப்பிடுவார். ஊருக்கு வருமானம் இருந்தால்தான் ஊர்க்காரர்கள் பூங்காவைத் தங்களுடையதாகப் பார்ப்பார்கள்.

எக்குவடோர் இப்போதைக்கு விலையைக் கையில் எடுத்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரும்பாலான வெளிநாட்டுப் பயணிகளுக்குப் பூங்கா நுழைவுக் கட்டணம் 100லிருந்து 200 அமெரிக்க டாலர் ஆனது. 1998க்குப் பிறகு முதல் உயர்வு. பல ஆயிரம் கொடுத்துக் கப்பலில் வருபவருக்கு அது சில்லறை. பை மாட்டிக்கொண்டு வரும் மாணவருக்குத்தான் அடி.

<b>போகணும்னா?</b>

சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம் இல்லை. எக்குவடோரின் கீட்டோ அல்லது குவாயக்கில் நகருக்குப் போய், அங்கிருந்து தீவுக்கு விமானம். ஜூன் முதல் நவம்பர் வரை கடல் குளிர்ந்திருக்கும், அலையும் அதிகம். கப்பலில் தலைசுற்றும் ஆளாக இருந்தால் யோசிக்கணும். ஆனால் கடலில் உணவு அதிகம் என்பதால் பறவைகளுக்குக் கொண்டாட்டம். டிசம்பர் முதல் மே வரை வெயில், இடையிடையே மழை, அமைதியான கடல்.

எஸ்பன்யோலா போகும் பயணத்திட்டம் கிடைத்தால் நல்லது. அல்பட்ராஸ் பறவைகளில் ஒரு வகை ஏறக்குறைய அந்த ஒரே தீவில்தான் முட்டையிடுகிறது. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை பார்க்கலாம்.

அதே தீவில் ஒருகாலத்தில் 14 ஆமைகள்தான் மிஞ்சியிருந்தன. அவற்றையும், கலிஃபோர்னியாவின் சான் டியேகோ விலங்குத் தோட்டத்திலிருந்து திரும்பிய டியேகோ என்ற ஆணையும் வைத்து இனப்பெருக்கம் செய்தார்கள். சுமார் 2,000 குட்டிகள் தீவுக்குத் திரும்பின. 2020 ஜூனில், அந்தப் 15 முதியவர்களையும் படகில் ஏற்றிக்கொண்டுபோய் எஸ்பன்யோலாவில் விட்டார்கள்.

கப்பல் பயணிகள் அங்கே நடக்க அனுமதி உள்ள பாதைகள் கடற்கரையை ஒட்டியவை. ஆமைகள் இருப்பது தீவின் உள்ளே. எட்டு நாள் பயணம் போனாலும் டியேகோவைப் பார்க்க முடியாது.