கல்லுக்குள் ஒரு கணக்கு

சென்னை திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையின் வாகன இரைச்சலை விட்டு உள்ளே நுழைந்தால் அகன்ற முற்றம், தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவ (ஒளு செய்ய) நீர்த்தொட்டி, அதற்கப்பால் சாம்பல் நிறக் கருங்கல்லில் வாலாஜா பள்ளிவாசல். வட்டாரத்தில் இதற்குப் 'பெரிய பள்ளிவாசல்' என்று பெயர். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் குடும்பம் 1795-ல் கட்டியது. மரமோ இரும்போ சேர்க்காமல் எழுப்பிய கட்டடம் என்பார்கள்.

கட்டடத்தைவிட அரிய ஒன்று உள்ளே இருக்கிறது. பள்ளிவாசல் கட்டிய ஆண்டைச் சொல்லும் வாசகம் ஒன்று கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை இயற்றியவர் ராஜா மக்கன்லால். நவாபிடம் முன்ஷியாக (செயலராக) இருந்தவர், பாரசீகத்தில் 'கிரத்' என்ற புனைபெயரில் எழுதிய இந்து.

அந்தக் காலத்து அரசவைக் கவிஞர்கள் பலர் ஆண்டை எண்ணாக எழுதமாட்டார்கள். சொற்களுக்குள் ஒளித்து வைப்பார்கள். அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு; ஒரு சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் அந்தச் சொல்லின் எண் கிடைக்கும். மக்கன்லால் எடுத்துக்கொண்ட வாசகம் 'ஜிக்ருல்லாஹி அக்பர்'. இறைவனை நினைப்பதே பெரிது என்று பொருள். ஜிக்ர் 920, அல்லாஹ் 66, அக்பர் 223. கூட்டிப் பாருங்கள்: 1209. அதுதான் பள்ளிவாசல் எழுந்த ஹிஜ்ரி ஆண்டு, ஆங்கிலக் கணக்கில் 1794-95. தொழுகைக் கூடத்தின் பிறப்புச் சான்றிதழை ஓர் இந்துக் கவிஞர் எழுதிக் கொடுத்தார். எழுதச் சொன்னவர்களுக்கும் அதில் தயக்கம் இருக்கவில்லை.

இதே பள்ளிவாசல் வளாகத்தில்தான் காயிதே மில்லத் முகமது இஸ்மாயிலின் அடக்கத்தலம். 1972-ல் மறைந்தவர். நாட்டின் ஆட்சிமொழி எது என்று 1949-ல் அரசியல் நிர்ணய சபை விவாதித்தபோது, தொன்மைதான் அளவுகோல் என்றால் திராவிட மொழிகளுக்கே, அவற்றிலும் தமிழுக்கே அந்தத் தகுதி என்று வாதாடியவர். பள்ளிவாசல் நிற்கும் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக்கும் இன்று அவர் பெயர்தான்.

ரமலான் மாதத்தில் வந்தால் இன்னொன்றையும் காணலாம். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்த தாதா ரத்தன்சந்த் நிறுவிய சூஃபிதார் அமைப்பினர், மயிலாப்பூரில் சைவ உணவு சமைத்து எடுத்துவந்து நோன்பு திறப்பவர்களுக்குப் பரிமாறுகிறார்கள். பெரும்பாலும் சிந்தி இந்துக்கள். தலையில் தொப்பி அணிந்து, வரிசை வரிசையாகத் தட்டு வைக்கிறார்கள். பல்லாண்டுகளாக நடந்துவரும் வழக்கம் இது.

பார்த்தசாரதி கோயிலும் இதே திருவல்லிக்கேணியில்தான். அங்கே பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், தொழுகை இல்லாத நேரத்தில் அனுமதி கேட்டு இங்கேயும் ஒருமுறை கூட்டி வாருங்கள். அந்த 1209 கணக்கைப் பிள்ளைகளே கூட்டிப் பார்க்கட்டும்.