ஒளியிழையும் அதன் மேற்பூச்சும்



மட்டாஞ்சேரியின் கடைத்தெருக்களில் மிளகும் சுக்கும் மணக்கும். அவற்றினூடே பழைய பித்தளை, செம்புப் பாத்திரங்களை அடுக்கி வைத்திருக்கும் கடைகளையும் காணலாம். ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு களிம்பேறாமல் இருக்கும் என்பது நம் இல்லங்களில் அனைவரும் அறிந்ததே. ஆனால் அப்பாத்திரத்தை வெறுமையாக அடுப்பிலேற்றி மறந்துவிட்டால் யாது நேரும்? பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. அதன்மேல் பூசிய வெள்ளீயம் 232 டிகிரி செண்டிகிரேடில் உருகிவிடும். பாத்திரம் எவ்வளவு உஷ்ணத்தைத் தாங்கும் என்பதை அதன் உலோகம் மட்டும் தீர்மானிப்பதில்லை; பூச்சும் தீர்மானிக்கிறது. இன்று நாம் ஆராயப்போகும் ஒளியிழைக்கும் இவ்விதி பொருந்தும்.

ஒளியிழை என்பது மிகத் தூய சிலிக்காக் கண்ணாடியால் ஆன மெல்லிய நூல். சாதாரணமாக அதன் குறுக்களவு 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. இக்கண்ணாடி ஆயிரம் டிகிரிக்கு மேலும் உருகாது. எனினும் அதன் மேற்பரப்பில் ஒரு சிறு கீறல் விழுந்தால் போதும்; காற்றிலுள்ள ஈரம் அக்கீறலுட் புகுந்து, நாளடைவில் அதை ஆழமாக்கி, இழையை முறித்துவிடும். ஆகையால் உலையிலிருந்து இழையை இழுக்கும்போதே, வேறெதுவும் அதைத் தீண்டுமுன், மேற்பூச்சு இட்டு விடுகின்றனர்.

பெரும்பாலும் இடப்படுவது அக்ரிலேட் என்னும் பிசின். இது ஈரடுக்காக அமையும். உள்ளடுக்கு மெத்தைபோல் மென்மையானது, வெளியடுக்கு கடினமானது. இரண்டும் சேர இழையின் குறுக்களவு 250 மைக்ரான் ஆகிறது. சுமார் 60 டிகிரி உறைகுளிரிலிருந்து 85 டிகிரி வெப்பம் வரை இப்பூச்சு நன்கு உழைக்கும். கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் கடலடியில் இடப்பட்டு, 2024 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட ஒளியிழைத் தொடர்பை எண்ணிப் பாருங்கள். ஆழ்கடலின் நீர் குளிர்ந்ததேயாயினும் உறைநிலைக்குக் கீழே செல்வதில்லை. தூரம் பெரிதாயினும், உஷ்ணத்தைப் பொறுத்தவரை கடலடி சாதுவான இடமே. அத்தகைய இடத்திற்கு விசேஷப் பூச்சு வேண்டியதில்லை.

ஆனால் அதே துறைமுக வாயிலில், வைப்பின் தீவின் தென்கோடியான புதுவைப்பில், 2013-ஆம் ஆண்டு முதல் இயங்கும் திரவ எரிவாயு முனையம் உள்ளது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறனுடையது அது. அங்கே கப்பலில் வந்திறங்கும் இயற்கை எரிவாயு, பூஜ்யத்திற்குக் கீழே 162 டிகிரிக் குளிரில் திரவமாக இருக்கிறது. இத்தகைய திரவம் குழாயிலிருந்து கசிந்தால் ஆவியாகிப் பரவும். தீப்பொறி கிட்டினால் பேராபத்து விளையும். கசிவை உடனே அறிவதற்காக, உலகின் பல முனையங்களில் குழாய்களின் ஓரமாக ஒளியிழையை இடுகின்றனர்.

இழை எவ்வாறு குளிரை அறிவிக்கிறது? இழையினுள் ஒளித் துடிப்பு ஒன்றை அனுப்பினால், அதில் மிகச் சிறு பகுதி சிதறித் திரும்பி வரும். அச்சிதறலில் ஒரு கூறு, கண்ணாடியின் உஷ்ணத்திற்கேற்ப வலுக்கூடும் அல்லது குறையும். திரும்பி வர எடுத்த நேரத்தைக் கொண்டு இடத்தையும், அக்கூறின் வலுவைக் கொண்டு உஷ்ணத்தையும் கணக்கிடலாம். திருச்சிராப்பள்ளியில் பிறந்து, கல்கத்தாவில் பணியாற்றிய சர் சி. வி. ராமன் 1928-இல் கண்டறிந்த விளைவே இதற்கு அடிப்படை. பிறமாநிலத்தில் வாழ்ந்த ஒரு தமிழரின் ஆராய்ச்சி இன்று குழாயோரத்தில் காவல் புரிகிறது என்பது நாம் மகிழத்தக்கது.

இங்கேதான் பூச்சின் சோதனை வருகிறது. எல்லா நாட்களிலும் அவ்விழை கொச்சியின் 30 டிகிரி வெப்பத்திலேயே கிடக்கும். கசிவு நேரும் நாளில் மட்டும் கடுங்குளிர் அதைத் திடீரெனத் தாக்கும். 30 டிகிரியிலிருந்து அக்குளிருக்குச் சென்றால், ஒரு கிலோமீட்டர் கண்ணாடி இழை 10 சென்டிமீட்டர்கூடச் சுருங்காது. தனித்து விடப்பட்டால் பிசின் நூலோ பல மீட்டர் சுருங்கும். மெத்தைபோன்ற உள்ளடுக்கும் குளிரில் விறைத்துவிடும். சுருங்கும் பூச்சு கண்ணாடியை நெருக்கி, கண்ணுக்குப் புலப்படாத நுண்வளைவுகளை உண்டாக்கும், அவ்வளைவுகளில் ஒளி வெளியே கசிந்து வீணாகும், அளவீடும் பிறழக்கூடும். ஆண்டெல்லாம் குறையின்றி உழைத்த காவலாளி, திருடன் வரும் இரவில் உறங்கினால் என்ன பயன்? ஆகவே இத்தகைய இடங்களுக்குப் பாலிமைடு என்னும் பூச்சு பெரிதும் ஏற்கப்படுகிறது. சுமார் 15 மைக்ரான் கனமே உடைய இது, 190 டிகிரி உறைகுளிரிலிருந்து 300 டிகிரி வெப்பம் வரை தாங்கும்.

வெப்பமான இடங்களுக்கும் வரிசை உண்டு. உயர்வெப்ப அக்ரிலேட் 150 டிகிரி வரையிலும், சிலிக்கோன் 200 டிகிரி வரையிலும் உழைக்கும். அதற்கு மேல் உலோகப் பூச்சுகள்: அலுமினியம் சுமார் 400 டிகிரி வரை, தங்கம் சுமார் 700 டிகிரி வரை. அப்படியாயின் எங்கும் தங்கத்தையே பூசிவிடலாமே எனச் சிலர் எண்ணக்கூடும். விலை ஒருபுறமிருக்க, உலோகம் கண்ணாடியை நெருக்கி ஒளியிழப்பை மிகுவிக்கும். குறுகிய நீளத்திற்கே அது தகும். கிலோமீட்டர்க் கணக்கில் ஓடும் குழாய்க்கு உதவாது. விலையுயர்ந்தது யாவும் சிறந்ததாகிவிடாது.

தேர்ந்தெடுப்போர் கேட்க வேண்டிய கேள்விகள் சில. மிகக் குறைந்த, மிக உயர்ந்த உஷ்ணம் எவ்வளவு? அது சில நிமிஷங்களா, பல ஆண்டுகளா? ஏனெனில் சிறிது நேரம் தாங்கும் வெப்பத்தை எப்போதும் தாங்குமென நம்பலாகாது. சுற்றிலும் ஈரமோ ஹைட்ரஜனோ உண்டா? எண்ணெய்க் கிணறுகளில் ஹைட்ரஜன் கண்ணாடியினுட் புகுந்து ஒளியை விழுங்கும். அதைத் தடுக்கப் பூச்சின் அடியில் மெல்லிய கரிப்படலம் இடுவர். இழைக்கு வெளியேயுள்ள உறையும் அதே குளிரைத் தாங்குமா? இறுதியாக, இழைகளை இணைப்போர் அப்பூச்சை எவ்வாறு அகற்றுவர்? அக்ரிலேட்டைக் கைக்கருவியால் உரித்துவிடலாம். பாலிமைடை நீக்கச் சூடான கந்தக அமிலமோ சுடரோ வேண்டும். பழக்கமும் பாதுகாப்பும் இன்றி அதில் கைவைத்தல் தகாது.

துறைமுகங்களிலும் எண்ணெய் ஆலைகளிலும் பணிபுரியும் தமிழன்பர்கள் பலர். கிடங்கில் ஒரே நிறத்தில் தோன்றும் இரு சுருள்களுள், பழுதுபார்க்கும் அவசரத்தில் கைக்குக் கிட்டியதை எடுத்து இணைத்துவிடுவது எளிது. சீட்டில் எழுதியுள்ள பூச்சின் பெயரையும் உஷ்ண வரம்பையும் ஒருமுறை படித்துப் பார்க்க அரை நிமிஷம் போதும். ஆபத்து நேரும் நாளில் பல உயிர்களைக் காப்பது அந்த அரை நிமிஷமே.