கரையேற்றிய படகுக்கும் காவல் வேண்டும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்ததால் பெரும்பாலான படகுகள் கரை திரும்பியிருந்தன. ஆனாலும் படகுகள் தப்பவில்லை. மல்லிப்பட்டினம் துறைமுகத்தில் கட்டிக்கிடந்த விசைப்படகுகள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கின. மணலில் ஏற்றி வைத்திருந்த ஃபைபர் படகுகளும் உருண்டு உடைந்தன. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை, வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில், படகு தொழிலுக்குப் போகாமல் கிடக்கும் நாட்களிலும் அதற்கு ஆபத்து உண்டு. இழப்பீடு கேட்டுப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதற்கு முக்கியமான காரணம், புயலுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய சில வேலைகளைச் செய்யாமல் விட்டதுதான்.

முதலில் படகைப் பார்ப்போம். ஃபைபர் படகை அலை வந்து தொடும் இடத்துக்கு மேலே, மேட்டுக்கு இழுத்துவிடுங்கள். புயல் நேரத்தில் கடல் வழக்கமான ஓத எல்லையைத் தாண்டி உள்ளே வரும். படகின் அடியில் தண்ணீர் வடியும் துளையின் அடைப்பைக் கழற்றிவிட்டு, வடியும் பக்கம் தாழ்ந்திருக்கும்படி படகைச் சற்றே சாய்த்து வையுங்கள். ஒரு இரவு மழையில் படகுக்குள் தேங்கும் நீரின் கனமே ஓட்டில் விரிசல் விடப் போதும். தார்ப்பாயை மேலே விரித்துக் கற்களை வைத்தால் காற்றுக்கு அது பாய்மரப் பாய் ஆகிவிடும். நடுவில் மூங்கில் கொடுத்து, நீர் இருபுறமும் வழியும்படி உயர்த்தி, கயிற்றைப் படகின் அடிவழியாகச் சுற்றிக் கட்டுங்கள். உள்ளே காற்று போய்வர இரு முனையிலும் இடைவெளி இருக்கட்டும். எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓட்டி உப்பைக் கழுவி, எரிபொருளை வடித்து, வீட்டுக்கோ ஊர்க் கூடத்துக்கோ கொண்டுபோய்விடுங்கள். வலையை எலி எட்டாத இடத்தில், உலர்த்திய பிறகே அடுக்குங்கள்.

விசைப்படகின் கதை வேறு. அதைத் தூக்கிக் கரையில் வைக்க முடியாது. படகுக்குப் படகு இடைவெளி விட வேண்டும். இடம் இல்லாவிட்டால் பழைய டயர்களை நெருக்கமாகத் தொங்கவிட வேண்டும். கயிறு கல்லில் உராயும் இடத்தில் சாக்கு சுற்ற வேண்டும். இவ்வளவும் அனுபவமுள்ள ஓட்டிகளுக்குத் தெரியும். பலர் அலட்சியமாக விடுவது தீயை. 2023 நவம்பர் 19 இரவு விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் சுமார் 40 விசைப்படகுகள் எரிந்துபோயின. ஒரு படகில் பிடித்த தீ, நெருக்கிக் கட்டியிருந்த மற்றவற்றுக்குப் பரவியது. படகைப் பல நாள் கட்டிப்போடும்போது சமையல் எரிவாயு உருளையை இறக்கிவிடுங்கள், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். இன்னொன்றையும் மன்றாடிக் கேட்கிறேன்: புயல் இரவில் படகைக் காக்கப் படகிலேயே தங்காதீர்கள். படகுக்கு இழப்பீடு வாங்கலாம்.

இனி காகிதம். மீன்வளத் துறையில் பதிவு பெற்று, ஐஎன்டி-டிஎன் என்று தொடங்கும் பதிவு எண் எழுதியிருக்கும் படகுதான் அரசின் கண்ணுக்குப் படகு. பதிவுச் சான்று உங்கள் பெயரில் இருக்கிறதா? கைமாறி வாங்கிய படகுகளில் பல இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே ஓடுகின்றன. சேதம் வந்தால் பணம் யாருக்கு என்ற வழக்கு அங்கேதான் பிறக்கிறது. ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலத்தில் துறை நடத்தும் நேரடி ஆய்வில் படகைத் தவறாமல் காட்டுங்கள். மழைக்காலம் தொடங்குமுன், பதிவு எண், எஞ்சின் எண், படகு கிடக்கும் இடம் மூன்றும் தெரியும்படி செல்போனில் படம் எடுத்து, கரையில் இருக்கும் பிள்ளைக்கோ உறவினருக்கோ அனுப்பி வையுங்கள். தேதியோடு அது சாட்சியாக நிற்கும்.

பணம் எவ்வளவு கிடைக்கும்? மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு 2022 முதல் 2026 வரைக்கு வகுத்த விதிப்படி, முழுதும் அழிந்த படகுக்கு 15,000 ரூபாய், பகுதி சேதத்துக்கு 6,000 ரூபாய். எஞ்சினோடு ஒரு ஃபைபர் படகு சில லட்சம் ஆகும் காலத்தில் இது மிகச் சொற்பம். தமிழக அரசு இதைவிடக் கூடுதலாகத் தருவதுண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, முழுதும் சேதமான வல்லம் வகைப் படகுக்கு ஒரு லட்சம், விசைப்படகுக்கு அதிகபட்சம் ஏழரை லட்சம், வலைக்கு 15,000 ரூபாய் என்று அறிவித்தது. ஆனால் ஒவ்வொரு புயலுக்கும் ஒவ்வொரு அறிவிப்பு. அதை மட்டும் நம்பிப் படகை விட முடியாது.

ஆகவே காப்பீடு. பாலிசி எடுக்கும்போது இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: கட்டிக்கிடக்கும்போதும் கரையில் ஏற்றி வைத்திருக்கும்போதும் நேரும் சேதம் இதில் அடங்குமா? முழு இழப்புக்கு மட்டுமா, பகுதி சேதத்துக்கும் உண்டா? வங்கிக் கடனில் வாங்கிய படகானால் பாலிசி வங்கியின் கோப்பில் தூங்கிக்கொண்டிருக்கும்; நகல் கேட்பது உங்கள் உரிமை.

சேதம் நடந்த பிறகு அவசரம்தான் பெரிய எதிரி. வயிற்றுப்பாட்டுக்காக மறுநாளே ஓட்டையை அடைத்துக் கடலுக்குப் போய்விட்டால், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்க எதுவும் இருக்காது. மீன்வளத் துறை ஆய்வாளருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்கி, அவர்கள் பார்க்கும்வரை உடைந்த பாகத்தைத் தூக்கி எறியாமல் வையுங்கள். படகு மேலும் கெடாமலிருக்க உடனடியாகச் செய்யும் வேலையை மட்டும் செய்து, அதற்கும் படமும் ரசீதும் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், முதலில் அதன் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அரசின் சேதப் பட்டியலில் உங்கள் படகு விடுபட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தப் பட்டியலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

புயலோடு மனிதத் தவறும் சேரும். மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, அங்கே நிறுத்தியிருந்த படகுகளையும் வலைகளையும் நாசமாக்கியது. இப்படிப்பட்ட மாசுக்கு ஐந்து ஆண்டுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோரலாம். அதன் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

மழைக்கு முன், இந்த வாரமே பதிவுச் சான்றையும் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். புயல் நேரத்தில் மாவட்ட அவசர எண் 1077, மாநில எண் 1070. கடலில் சிக்கியவர்களுக்காகக் கடலோரக் காவல்படையை அழைக்க 1554.