தேனுக்கும் ஜாதகம் உண்டு!

சதுரகிரிக்குப் போகிற வழியில் மகாராஜபுரத்தில் இறங்கி, 'மலைத்தேன் ஒரிஜினலா, எப்படிக் கண்டுபிடிக்கறது?' என்று கேட்டுப் பாருங்கள். நாய் நக்காது என்பார் ஒருவர். தீக்குச்சியை முக்கிக் கொளுத்து என்பார் இன்னொருவர். தண்ணீரில் விட்டால் கரையாமல் இறங்கணுமாம். கெட்டிப் பாகும்தான் இறங்கும் சார்!

லேபில் வேறு வழி. கார்பனில் 12, 13 என்று இரண்டு ரகம். கரும்பு, மக்காச்சோளத்தில் 13 கொஞ்சம் தூக்கல். தேனீ மொய்க்கிற பெரும்பாலான பூச்செடிகளில் குறைவு. எனவே கரும்புப் பாகு கலந்தால் மாட்டும். ஆனால் நெல், பூச்செடிகளின் கட்சி! அரிசிப் பாகு ஊற்றினால் இந்த டெஸ்ட் ஏமாந்துவிடும்.

2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், 13 பிராண்டு தேன்களை ஜெர்மனி லேபில் என்.எம்.ஆர். சோதனைக்கு விட்ட முடிவை வெளியிட்டது. தேறியவை மூன்றே மூன்று. கம்பெனிகள் மறுத்தன.

என்.எம்.ஆர். என்பது பெரிய காந்தத்துக்குள் தேனை வைத்துக் கைரேகை எடுக்கிற வேலை. கைரேகை மட்டும் இருந்தால் போதுமா, ஒப்பிட ரெக்கார்டு வேண்டாமா? இந்த மலைகளில் பளியர்கள் பாறையில் தொங்கி எடுக்கிற தேன், தேதி, இடத்தோடு அங்கே பதிவாகியிருந்தால்தான் மெஷின் ஊர்ப்பெயர் சொல்லும். இல்லாவிட்டால் அசல் தேனையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். விலையில் அடி வாங்குவது கயிற்றில் தொங்கினவர்.