ஒரே பெட்டித் தோட்டா, ஏன் ஒரே இடத்தில் விழுவதில்லை?

சாக்கோட்டையோ காரைக்குடியோ, செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஆத்தங்குடிக் கல்லைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. கையால் வார்ப்பது, ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. அந்த வித்தியாசம்தான் அதற்கு அழகு. துப்பாக்கித் தோட்டாவிலோ அந்த வித்தியாசம்தான் பதக்கத்தைப் பறிக்கும்.

அமெரிக்கா, ஐரோப்பாவில் ரைஃபிள் பிரியர்கள் பலர் தோட்டாவைத் தாங்களே தயாரிக்கிறார்கள். சுட்ட பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, புது மருந்தும் குண்டும் வைத்துத் திரும்ப அடைப்பார்கள். யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல வீட்லயே செய்யலாமா?" என்று யோசிப்பவர்கள் முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவது நல்லது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள். ஹாபி என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சரி, நம்ம ஊர் வீரர்கள் என்ன செய்கிறார்கள்? ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிளுக்குப் பயன்படுவது .22 தோட்டா. இதில் தீப்பற்ற வைக்கும் மருந்து கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே இருப்பதால், மற்ற தோட்டாக்களைப் போல வீட்டில் திரும்ப அடைப்பது நடைமுறையில் ஆகாத காரியம். தொழிற்சாலைத் தோட்டாவை நம்பியே ஆக வேண்டும். 2024 பாரிஸில் 451.4 புள்ளியுடன் வெண்கலம் வென்ற கோலாப்பூர்க்காரர் ஸ்வப்னில் குசாலே சுட்டதும் இந்த வகைத் தோட்டாவைத்தான்.

ஆனால் அதே பிராண்டு, அதே விலை என்றாலும் ஒவ்வொரு லாட்டும் கொஞ்சம் வேறு. இங்கிலாந்தின் எலே, ஜெர்மனியின் ஷோனபெக்கில் லாப்புவா போன்ற நிறுவனங்கள் சோதனைக் கூடங்களே வைத்திருக்கின்றன. வீரர் தன் ரைஃபிளைக் கொண்டுபோய் நிலையான பிடிமானத்தில் பூட்டி, பல லாட்டுகளைச் சுட்டுப் பார்ப்பார். எது தன் குழலுக்குப் பொருந்துகிறதோ, அந்த லாட்டை மொத்தமாக வாங்கிக்கொள்வார். ஒருவர் குழலுக்கு அமிர்தமாக இருப்பது பக்கத்து ஆளின் குழலுக்கு ஒத்துவராமல் போகலாம்.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? ஒரு சின்னக் கணக்கு. குண்டு விநாடிக்கு சுமார் 330 மீட்டர் வேகத்தில் போனால் 50 மீட்டரைக் கடப்பதற்குள் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் கீழே இறங்கும். ஒரு குண்டு மட்டும் 5 மீட்டர் மெதுவாகப் போனால், கூடுதலாக மூன்றரை மில்லிமீட்டர் இறங்கும். அட, இவ்வளவுதானா என்று தோன்றும். இலக்கில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர்தான். ஆக அந்த ஒரு குண்டில் கிட்டத்தட்ட அரைப் புள்ளி போச்சு. 2012 லண்டனில் ஜாய்தீப் கர்மாகர் 50 மீட்டர் புரோன் பிரிவில் வெண்கலத்தை 1.9 புள்ளியில் தவறவிட்டு நான்காவதாக வந்ததை நினைத்துப் பார்த்தால், அரைப் புள்ளியின் கனம் புரியும்.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் சோதிக்கும் விதத்தில்தான். மூன்று ரவுண்டு சுட்டு, மூன்றும் ஒட்டிக்கொண்டு விழுந்தால் "ஆகா, இதுதான் நம்ம தோட்டா" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதே ரைஃபிள், அதே தோட்டாவில் 10 ரவுண்டு சுட்டால், சராசரியாகச் சிதறல் மூன்று ரவுண்டுச் சிதறலைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும். துப்பாக்கி கெட்டுப்போய்விடவில்லை, ரவுண்டு கூடக்கூட மிக ஓரத்தில் விழுவதற்கும் வாய்ப்புக் கூடும், அவ்வளவே. அதோடு, பத்து லாட்டை மூன்று மூன்றாகச் சுட்டால் ஏதோ ஒன்று அதிர்ஷ்டத்தால் மட்டுமே பிரமாதமாகத் தெரியும். அந்த ஒன்றை நம்பிப் பெட்டி பெட்டியாக வாங்கியவருக்குப் பணம் தண்டம்.

இந்தச் சோதனையைப் பழக வெளிநாடு போக வேண்டியதில்லை, .22-உம் வேண்டாம். 10 மீட்டர் ஏர் ரைஃபிளே போதும். 20 ஜூலுக்கு மேல் போகாத, 4.5 மில்லிமீட்டர் குழல் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. சாக்கோட்டைப் பிள்ளைகள் ஒரு ரைஃபிள் கிளப்பில் பயிற்சியாளர் மேற்பார்வையில் ஆரம்பிக்கலாம். இங்கே பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர் பொட்டு. பெல்லட்டுகள் 4.49, 4.50 என்று தலை அளவு பார்த்து விற்கப்படுகின்றன. அந்த நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்கூட சில குழல்களில் தெரியும். ரைஃபிளை ஆடாமல் பூட்டி, ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் பத்துப் பத்தாக, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சுட்டு, காகிதத்தில் உள்ள ஓட்டைகளை அளக்கலாம்.

ஒரு டப்பா பிடித்துவிட்டால் அதன் லாட் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை கடையில் அதே பிராண்டு கிடைக்கும். அதே எண் கிடைக்குமா என்பது வேறு விஷயம்.