நாய் தலையை உதறுகிறதா? காதைப் பாருங்கள்!

வீட்டு நாய் ஓயாமல் தலையை உதறுகிறது. பின்னங்காலால் காதைச் சொறிகிறது. சுவரில் காதை வைத்துத் தேய்க்கிறது. "விளையாடுகிறது" என்று வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள்.

அது விளையாட்டு அல்ல. காதில் நோய்!

வளைந்த குழாய்

நாயின் காதுக்குழாய் முதலில் கீழே இறங்கும். பிறகு உள்பக்கம் திரும்பும். அதனால் உள்ளே போன தண்ணீரும் அழுக்கும் எளிதில் வெளியே வருவது இல்லை. காது தொங்கும் நாய்களுக்குக் காற்றோட்டமும் குறைவு. ஈரம் தங்கினால் கிருமிகள் பெருகும்.

காப்பித்தூள் போன்ற கறுப்பு அழுக்கு இருக்கிறதா? மிகச் சிறிய பூச்சிகள் குடியேறி இருக்கலாம். அவை பக்கத்தில் படுக்கும் பூனைக்கும் மற்ற நாய்களுக்கும் தொற்றும். ஆகையால் எல்லாவற்றுக்கும் சிகிச்சை தேவை. உண்ணி, புல்லின் முள், ஒவ்வாத உணவு ஆகியவையும் காதைக் கெடுக்கும்.

எண்ணெய் ஊற்றாதீர்கள்!

சிலர் எண்ணெயைக் காய்ச்சிக் காதில் ஊற்றுவார்கள். சிலர் குச்சியில் பஞ்சைச் சுற்றிக் குடைவார்கள். இரண்டும் தவறு. குச்சி அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும்.

மனிதர்களின் காது மருந்தையும் விடக்கூடாது. செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் உள்ளே இறங்கிவிடும். நாய் செவிடாகலாம். நடை தள்ளாடலாம்.

டாக்டர் என்ன செய்வார்?

விளக்குள்ள கருவியால் காதுக்குள் பார்ப்பார். செவிப்பறை நன்றாக இருக்கிறதா என்று கவனிப்பார். அழுக்கில் சிறிது எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துச் சோதிப்பார். பூச்சியா, பூஞ்சையா, பாக்டீரியாவா என்று தெரிந்த பிறகே மருந்து கொடுப்பார். சொறிவது நின்றதும் மருந்தை நிறுத்தக்கூடாது. டாக்டர் சொன்ன நாள் வரை போட வேண்டும்.

சென்னை வேப்பேரியில், 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. வெளியூர்களில் அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன.

தாமதம் ஆபத்து

உதறிக்கொண்டே இருந்தால் காது மடலில் ரத்தக்குழாய் உடையும். மடல் பலூன் போல வீங்கும். அதற்கு ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால், நோய் உள்காதுக்குப் போயிருக்கலாம். அன்றே டாக்டரிடம் கொண்டு போங்கள்.

வலிக்கும் காதைத் தொட்டால் சாதுவான நாயும் கடிக்கும். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

குளிப்பாட்டியதும் காது மடலை உலர்ந்த துணியால் துடையுங்கள். வாரம் ஒருமுறை மடலைத் தூக்கி மோந்து பாருங்கள். நாற்றம் வந்தால் காத்திருக்க வேண்டாம். வாயில்லா ஜீவன் அது. வலியைச் சொல்ல அதற்குத் தெரியாது.