உறுமியும் மின்கிற்றாரும்

யாழ்ப்பாணத்துச் சங்கீதம் என்றவுடன் இணுவிலையும் அளவெட்டியையும், அங்கே தலைமுறை தலைமுறையாகத் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் வாழ்க்கைப்பட்ட குடும்பங்களையும் நினைத்துக்கொள்வது நமது வழக்கம். தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் பெயரைச் சொல்லாமல் அந்தப் பேச்சு முடிவதுமில்லை. அதற்கு அடுத்தபடியாக, சற்றுத் தயக்கத்தோடு, உரும்பிராய் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' முதலான பொப் பாடல்களையும் சேர்த்துக்கொள்வோம். ஆனால் இந்தக் குடாநாட்டிலே பாலப் பிராயத்தைக் கழித்து, பின்னர் உலகத்தின் பெரிய மேடைகளிலெல்லாம் ஏறி இறங்கிவிட்ட ஒரு பெண்மணியைப் பற்றி மாத்திரம், அவருடைய அரசியலைப் புகழ்ந்தோ ஏசியோ தீர்க்கிறோமேயன்றி, அவருடைய சங்கீதத்தைக் காதுகொடுத்துக் கேட்டவர் நம்மிடையே சொற்பம். எம்.ஐ.ஏ. என்ற பெயரால் பிரசித்தி பெற்ற மாதங்கி அருள்பிரகாசம், வீட்டார் அழைக்கும் பெயரால் மாயா, அவரே அந்தப் பெண்மணி.

1975ஆம் ஆண்டு இலண்டனிலே பிறந்த மாயா, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் கொண்டுவரப்பட்டார். தந்தையார் ஈரோஸ் என்னும் ஈழத் தமிழர் போராட்ட இயக்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். 1977 கலவரத்திலே அடிபட்ட தமிழரைக் கொழும்பிலிருந்து வடக்கே ஏற்றிவந்த கப்பலைக் களமாகக்கொண்டு 'லங்கா ராணி' என்னும் நாவலை அருளர் என்ற புனைபெயரில் எழுதியவரும் அவரே. இயக்க வாழ்க்கை அவரை வீட்டிலே தங்கவிடவில்லை. பிள்ளைகளை வளர்த்தவர் தாயார் கலா. மாயா சிறிது காலம் யாழ்ப்பாணம் திருக்குடும்பக் கன்னியர் மடத்திலே படித்தார். இடையிலே குடும்பம் சென்னைக்குப் போய் வறுமையிலே உழன்று திரும்பிற்று. யுத்தம் முற்றியபோது, 1986இல், தாயார் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அகதியாக இலண்டன் சேர்ந்தார்.

தென் இலண்டனில் மிச்சம் என்ற பகுதியிலுள்ள அரசாங்கத் தொடர்மாடியொன்றிலே அவர்களுக்கு வீடு கிடைத்தது. அங்கேதான் சிறுமியின் வானொலிப் பெட்டி களவுபோயிற்று. அது போன பிறகு, பக்கத்து வீட்டுப் பையன் போடும் ஹிப்ஹொப் பாட்டுக்கள் சுவரைத் தாண்டி வந்து விழ, அவற்றைக் கேட்டே அந்த இசையைப் பழகிக்கொண்டதாக மாயா பல பேட்டிகளிலே சொல்லியிருக்கிறார். சென்ட்ரல் செயின்ற் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியிலே அவர் கற்றது சங்கீதம் அன்று, ஓவியமும் திரைப்படமும். 'எலாஸ்ரிக்கா' என்ற பிரிட்டிஷ் றொக் குழுவின் தலைவி ஜஸ்ரின் ஃபிரிஷ்மன் அவருக்குச் சிநேகிதியானார். 2000ஆம் ஆண்டு வெளியான அக்குழுவின் இசைத்தட்டுக்கு உறை அமைத்தவரும், குழுவினரோடு அமெரிக்கா சென்று படம் பிடித்தவரும் மாயா. அந்தப் பிரயாணத்திலே உடன் வந்த பீச்சஸ் என்ற கனடியப் பாடகிதான், ரோலன்ட் எம்சி-505 என்னும், தாளத்தையும் ஓசைகளையும் பொத்தான்களால் இயற்றித் தரும் ஒரு பெட்டியை அவருக்கு அறிமுகப்படுத்தினார். வித்துவத்தை வேண்டாது விரலையும் காதையும் மாத்திரம் வேண்டுகிற கருவி அது.

இவ்விடத்திலே 'ஆல்ரர்னேற்றிவ் றொக்' என்று அமெரிக்கர் சொல்லும் இசைமரபைப் பற்றிச் சற்று விளக்கவேண்டியிருக்கிறது. பெரிய கம்பனிகளின் தயவை நாடாமல், சிறு நிறுவனங்கள் அச்சிட்ட இசைத்தட்டுக்களாலும் கல்லூரி வானொலிகளாலும் வளர்ந்த குழுக்களின் வழி அது. பொஸ்ரன் நகரிலே 1986இல் தோன்றிய 'பிக்ஸீஸ்' குழு அதற்கு நல்ல உதாரணம்: அடங்கிய குரலிலே சரணத்தைச் சொல்லிவந்து, எதிர்பாராத கணத்திலே கிற்றார்களைக் கட்டவிழ்த்துவிடும் அவர்களுடைய முறையைத்தான் 'நிர்வானா' குழுவின் கேர்ட் கோபேன் கைக்கொண்டார், அதைத் தாமே ஒப்புக்கொள்ளவும் செய்தார். பிக்ஸீஸ் குழுவினர் முதலிலே சேர்ந்து இயங்கிய காலத்திலே விற்பனையிலே முந்தினவர்களல்லர். 1993இல் பிரிந்து, 2004இல் மறுபடி கூடியபோதுதான் தங்கள் கீர்த்தி எவ்வளவு தூரம் பரவிவிட்டது என்பதைக் கண்டார்கள். பயிற்சியின் பூரணத்துவத்தைவிடச் சொந்தக் குரலின் துணிச்சலே முக்கியம் என்ற அவர்களுடைய சித்தாந்தம், பாடத் தெரியாத ஓவிய மாணவி ஒருத்திக்கு எவ்வளவு தைரியம் கொடுத்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

2003இல் 'கலாங்' என்ற முதற் பாடல் 500 பிரதிகளே அச்சாயிற்று. இரண்டு வருஷங்களின் பின் வெளிவந்த முதல் அல்பத்துக்குத் தந்தையின் இயக்கப் பெயரையே, 'அருளர்' என்று இட்டார். கூடவே இராத தந்தை எங்கேயாவது அதைக் காணட்டும் என்ற எண்ணமும் அதிலே இருந்ததாம். இரண்டாவது அல்பத்துக்குத் தாயார் பெயர், 'கலா'. 2007இல் வந்த இந்த அல்பமே அவருடைய சிரேஷ்ட சிருஷ்டி என்பது என் அபிப்பிராயம். அது உருவான விதமோ விசித்திரமானது. அமெரிக்காவிலே பேர்பெற்ற இசையமைப்பாளர் ஒருவருடன் வேலைசெய்ய நிச்சயித்திருந்த சமயம் விசா கிடைக்கவில்லை. வாசல் அடைபடவே, ஸ்விச் என்ற இலண்டன் இசையமைப்பாளரின் துணையோடு இந்தியா, திரினிடாட், ஜமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா என்று திரிந்து, போன இடங்களிலெல்லாம் கேட்டதைப் பதிந்துகொண்டார். சென்னையிலே உறுமி வாசிப்போரைக் கூட்டி அடிக்கச் செய்தார். உறுமியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடித்து, மற்ற முகத்தை வளைந்த குச்சியொன்றால் அழுத்தித் தேய்க்கும்போது, தோலுக்குள்ளே ஏதோ பிராணி கிடந்து முனகுவது போன்ற ஒரு நாதம் எழுமே, அது 'பேர்ட் ஃபுளூ' பாடல் முழுவதும் வியாபித்துக் கிடக்கிறது. 'பம்பூ பங்கா'விலே, மாசச்சூசெற்ஸ் றொக் கலைஞர் ஜொனதன் ரிச்மனின் பழைய பாட்டொன்றின் சொற்களைத் தம் வசமாக்கிக்கொண்டு அவர் தொடங்க, அடியிலே இளையராஜா 'தளபதி' படத்துக்கு இசைத்த பாட்டொன்றின் துணுக்கு ஓடுகிறது. '20 டொலர்' என்ற பாடலிலோ மேலே சொன்ன பிக்ஸீஸ் குழுவின் பிரசித்தமான வரிகளே வேறு கோலம் பூண்டு வருகின்றன. பிறர் பண்டத்தைக் கையாடிவிட்டார் என்று முகம் சுளிப்போர் உண்டு. இருந்ததெல்லாம் போக எஞ்சியதை ஒட்டுப்போட்டு வீடு கட்டிக்கொண்ட அகதிக் குடும்பத்தின் பிள்ளைக்கு வேறெந்தக் கலைமுறை இயல்பாக வாய்த்திருக்கும் என்றே நான் கேட்பேன்.

ஒட்டுதல், தைத்தல் என்பன அந்த வீட்டிலே வெறும் உவமையல்ல. இராணியாரின் பெயரால் வழங்கப்படும் பதக்கங்களுக்கான தையல் வேலையைக் கையாலே செய்துதான் கலா அம்மா இலண்டனிலே சீவித்தார். மகளுக்கே எம்.பி.ஈ. விருது கிடைத்து, 2020இல் அரண்மனைக்குப் போய் இளவரசர் வில்லியமின் கையால் அதைப் பெற்றபோது, தாயாரின் உழைப்பைக் கௌரவிக்கவே அதை ஏற்றேன் என்றார்.

உலகம் அவரை அறிந்தது 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டினால். அதன் அடியிலே ஓடுவது 'த கிளாஷ்' என்ற இங்கிலாந்துக் குழு 1982இல் வெளியிட்ட ஒரு பாட்டின் மந்தமான இழை. அந்த மூலப் பாட்டே குடியேறி வந்தவர்களை வாசலில் நிறுத்தித் திருப்பியனுப்பும் தேசத்தைப் பற்றியது. விசா மறுக்கப்பட்ட பெண் அதை எடுத்தாண்டது தற்செயலன்று. பல்லவியிலே சொற்கள் நிற்க, துப்பாக்கி வெடியும் காசுப்பெட்டி திறக்கும் ஓசையும் பாட்டை நடத்துகின்றன. அமெரிக்கத் தொலைக்காட்சி அந்த வெடியோசையை மாற்றித்தான் ஒலிபரப்பிற்று. அப்படியும் 2008இல் அப்பாட்டு அமெரிக்க வரிசையிலே நான்காம் இடத்துக்கு ஏறியது. 2009 பெப்ரவரியிலே நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி மேடையில் பாடினார். சில நாளிலே மகன் பிறந்தான். அதே மாதத்திலே, ஏ. ஆர். ரஹ்மானோடு சேர்ந்து 'ஸ்லம்டோக் மில்லியனேர்' படத்துக்குப் பாடிய பாட்டு ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. வன்னியிலே யுத்தத்தில் சனம் செத்துக்கொண்டிருந்த மாதமும் அதுவே. அதை அவர் அமெரிக்கத் தொலைக்காட்சிகளிலே சொன்னார், கேட்டவர் சிலர்.

அதன் பின்னர் வந்தவை சரளமாகச் சொல்லிவிடக்கூடியவை. 2010இல் 'மாயா', 2013இல் 'மாதங்கி', 2016இல் 'எய்ம்', 2022இல் 'மாதா'. 2012இல் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டி மேடையிலே கமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டி, கோடிக்கணக்கான டொலர் நட்டஈட்டு வழக்கையும் சம்பாதித்துக்கொண்டார். 'மாயா' அல்பத்திலே இயந்திர ஓசை மிகுந்து குரல் அமிழ்ந்துபோனதையும், அண்மைக்காலத்திலே அவர் சொல்லும் சில கருத்துக்கள் அபிமானிகளையே சங்கடப்படுத்துவதையும் மறைக்கவேண்டிய அவசியம் எனக்கில்லை. அவருடைய பெயரிலே எழும் சண்டைகளின் இரைச்சலிலே 'கலா' போன்ற ஒரு ஆக்கம் கேட்கப்படாமற் போவதுதான் நட்டம்.

நம்மூர்க் காதுக்கு முதலிலே 'பேர்ட் ஃபுளூ'வைப் போட்டுக் கேட்பதே உசிதம்; உறுமி முழங்கும் கோயில் வீதியிலே நின்றவர்களுக்கு அதிலே அந்நியமாக எதுவும் இராது. அடுத்து, 'தளபதி'யின் பாட்டு எங்கே வருகிறது என்று 'பம்பூ பங்கா'விலே தேடலாம். கிளாஷ் குழுவின் மூலத்தையும் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பதற்குப் பத்து நிமிஷம் போதும். பிக்ஸீஸ் குழுவுக்கு மாத்திரம் ஒரு மாலைப்பொழுது ஒதுக்கவேண்டிவரும்.